கைவினைஞரும் நூல்நிலையமும்

நூல்நிலையம் என்ற சொல்லைக் கேட்டதும், அமைதி குடிகொண்ட ஒரு மண்டபமும், வரிசையாக அடுக்கப்பெற்ற நூல்களும், அவற்றின்மேற் குனிந்திருக்கும் கற்றோர் சிலரும் மனக்கண்முன் தோன்றுவது இயல்பு. உளி பிடித்துக் காய்த்துப்போன கைக்கும் அம்மண்டபத்துக்கும் உறவு உண்டென எண்ணுவோர் சிலரே. ஏட்டறிவு வேறு, கையறிவு வேறு என்ற கருத்து நம்மிடையே ஆழ வேரூன்றிவிட்டது. “ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது” என்று உழைப்பவர் கற்றவரை எள்ளுவதும், எழுத்தறியாதவர் என்று கற்றவர் உழைப்பவரை ஒதுக்குவதும் அக்கருத்தின் விளைவுகளே. ஆயினும், எவரும் கட்டணமின்றிப் புகுந்து படிக்கத்தக்க பொது நூல்நிலையம் பிரித்தானியாவில் எவ்வாறு உருப்பெற்றது என்பதை ஆராயுமிடத்து, அதன் அடித்தளத்திலே தச்சரையும், கொல்லரையும், கருவி செய்வோரையும் காண்கின்றோம். நூல்கள் இருந்த அதே கூரையின்கீழ் அவர்களுடைய கைவேலைகளையும் வைத்து ஊர் முழுவதும் கொண்டாடிய ஒரு காலமும் அவ்வரலாற்றில் உண்டு. அதன் சிறப்பும் குறையும் இன்றும் எண்ணிப் பார்க்கத்தக்கவை.

ஸ்கொத்லாந்திலே கிளாஸ்கோ என்னும் தொழில் நகரில் இவ்வரலாறு தொடங்குகின்றது. அந்நகர்ப் பல்கலைக்கழகத்தில் ஜோன் அண்டர்சன் என்ற பேராசிரியர் ஒருவர் இருந்தார். நீராவி யந்திரத்தைத் திருத்தியமைத்துப் புகழ்பெற்ற ஜேம்ஸ் வாட், அப்பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள்ளேயே கருவிகளைச் செய்து செப்பனிடும் தொழிலை முன்னர் நடத்தியவர். அவருக்கு நண்பராகிய அண்டர்சன், பல்கலைக்கழக அங்கி அணியாதாரும் வந்து கேட்கத்தக்க வகையில் விரிவுரைகள் நிகழ்த்தினார். பட்டறையிலிருந்து வேலை உடையோடு வந்தவருக்கும் அங்கே இடமிருந்தது. 1796 ஆம் ஆண்டில் அவர் மறைந்தபோது, அவரது விருப்ப ஆவணத்தின்படி அண்டர்சன் கல்விக்கழகம் நிறுவப்பெற்றது. இன்றைய ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகம் அதன் வழிவந்ததே.

அக்கழகத்துக்கு 1799 ஆம் ஆண்டில் ஜோர்ஜ் பேர்க்பெக் என்ற இளம் மருத்துவர் ஆசிரியராக வந்து சேர்ந்தார். விரிவுரைக்கு வேண்டிய கருவிகளைச் செய்விப்பதற்காக அவர் பட்டறைகளுக்குச் செல்ல நேர்ந்தது. ஒருநாள் தகரவேலைப் பட்டறையொன்றிலே நீரிறைக்கும் பொறியொன்றின் மாதிரி உருவாகிக்கொண்டிருந்தது. அங்கிருந்த தொழிலாளர் அதனைச் சூழ்ந்து நின்று, அது எவ்வாறு இயங்கும், ஏன் அவ்வாறு இயங்கும் என்று வினாவினர். அவர்களது அறிவுவேட்கை பேர்க்பெக்கின் உள்ளத்தைத் தொட்டது. கருவியைச் செய்யவல்ல கை, அதன் காரணத்தையும் அறியத் துடிக்கின்றது என்பதை அவர் உணர்ந்தார். 1800 ஆம் ஆண்டில், சனிக்கிழமை மாலைகளில், அவர்களுக்கெனக் கட்டணமில்லா விரிவுரைகளைத் தொடங்கினார். முதல் விரிவுரைக்கு 75 பேர் வந்தனர். இரண்டாவதற்கு 200 பேரும், மூன்றாவதற்கு 300 பேரும் வந்தனர். நான்காம் விரிவுரைக்கு வந்தோர் தொகை 500 ஆயிற்று.

பேர்க்பெக் 1804 ஆம் ஆண்டில் கிளாஸ்கோவை விட்டு நீங்கினார். ஆனால் வகுப்பு நின்றுவிடவில்லை. அன்ட்ரூ யூர் என்பவர் அதனைத் தொடர்ந்து நடத்தினார். அவ்வகுப்பைச் சார்ந்து ஒரு நூல்நிலையமும் எழுந்தது. நூல்நிலையம் எழுந்ததும் வினாவொன்றும் உடன் எழுந்தது. இந்நூல்கள் யாருடையவை? அவற்றை ஆளும் உரிமை படிப்போராகிய தொழிலாளருக்கோ, கழகத்தின் மேலாளருக்கோ? இப்பூசல் முற்றி, 1823 ஆம் ஆண்டில் தொழிலாளர் பிரிந்து சென்று, கிளாஸ்கோ பொறிவினைஞர் கழகம் என்ற பெயரில் தமக்கெனத் தனிக்கழகம் கண்டனர். பொறிவினைஞர் எனப்பட்டோர் யந்திரம் ஓட்டுவோர் மட்டுமல்லர். மரம், உலோகம், கண்ணாடி முதலியவற்றில் வேலை செய்யும் கைவினைஞர் பலரையும் அக்கால ஆங்கில வழக்கு அப்பெயரால் குறித்தது.

இச்செய்தி இலண்டனை எட்டியது. ஜோசப் றொபேட்சன், தோமஸ் ஹொட்ஸ்கின் என்னும் இருவர் அங்கே பொறிவினைஞருக்கான வார இதழொன்றை நடத்திவந்தனர். தலைநகரிலும் அத்தகைய கழகம் வேண்டும் என்று அவ்விதழ் 1823 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் குரல் எழுப்பியது. அடுத்த மாதத்தில் ‘முடியும் நங்கூரமும்’ என்ற பெயர்கொண்ட விடுதியில் பெருங்கூட்டம் கூடியது. அப்போது இலண்டனில் மருத்துவராக விளங்கிய பேர்க்பெக் தலைமை ஏற்றார். தொழிலாளர் தம் சந்தாப் பணத்தாலேயே கழகத்தை நடத்தவேண்டும், செல்வர் பணம் புகுந்தால் அவர் அதிகாரமும் உடன் புகும் என்பது ஹொட்ஸ்கின் முதலியோர் கருத்து. செல்வர் உதவியின்றிக் கட்டடமும் கருவியும் கிட்டா என்பது பிரான்சிஸ் பிளேஸ் முதலியோர் கருத்து. பிந்திய கருத்தே வென்றது. விரிவுரை மண்டபம் அமைக்கப் பேர்க்பெக்கே 3,700 பவுண் கடனாக உதவினார். ஆயினும், நிருவாகக் குழுவினருள் மூன்றில் இரு பங்கினர் தொழிலாளராய் இருத்தல் வேண்டும் என்று விதி செய்துகொண்டனர். 1830 ஆம் ஆண்டில் அக்கழகம் பெண்களையும் சேர்த்துக்கொண்டது. இன்று இலண்டன் பல்கலைக்கழகத்தின் உறுப்பாக விளங்கும் பேர்க்பெக் கல்லூரி அதுவே.

இலண்டனைப் பின்பற்றி நகர்தோறும் இக்கழகங்கள் எழுந்தன. எங்கும் ஒரு நூல்நிலையமும், ஒரு விரிவுரை மண்டபமும், மாலை வகுப்புகளும் இருந்தன. பருத்தித் தொழிலுக்குப் பேர்பெற்ற மாஞ்செஸ்ரரில் 1824 ஆம் ஆண்டில் ஒரு கழகம் தோன்றியது. பொறியியலாளர் வில்லியம் பெயர்பேன், தானாக இயங்கும் நூற்புப்பொறியை ஆக்கிய றிச்சட் றொபேட்ஸ் ஆகியோர் அதனை நிறுவியோருள் அடங்குவர். இருவரும் கைத்தொழிலிலே தொடங்கி உயர்ந்தவர்கள்.

மாஞ்செஸ்ரர்க் கழகத்தார் 1837 ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில் ஒரு புதுமை செய்தனர். தங்கள் கட்டடத்திலே கண்காட்சியொன்றைத் திறந்துவைத்தனர். பொறிகளின் மாதிரிகளும், அறிவியற் கருவிகளும், ஆலைகளிலும் பட்டறைகளிலும் உருவான பொருள்களும், ஓவியங்களும், இயற்கை விநோதங்களும் அங்கே இடம்பெற்றன. பெரும்பாலானவை உரியவரிடம் இரவலாகப் பெற்றவை. விரிவுரைக்கு வராதவரும் நூலை எடுக்காதவரும் இக்கண்காட்சிக்கு வந்தனர்; மனைவி மக்களோடு வந்தனர். நாள் முழுவதும் ஒரு பொறியின் ஒரு பகுதியை மட்டும் காண்பவன், அங்கே அப்பொறி முழுவதும் இயங்கும் தன்மையைக் கண்டான். தன் தொழிலை மட்டும் அறிந்தவன் அயல் தொழிலின் நுட்பத்தை அறிந்தான். நூலிலே படித்த விதி உலோகத்தில் உருவெடுத்து இயங்குவதையும் கண்டான். ஏட்டுக்கும் உளிக்கும் இடையே இருந்த சுவர் அங்கே சற்றுத் தளர்ந்தது.

லீட்ஸ், டெர்பி, பேமிங்காம் முதலிய நகர்களும் 1839 ஆம் ஆண்டளவில் இவ்வழியிற் சென்றன. நொட்டிங்காம், லெஸ்ரர் என்னும் அயல் நகரங்கள் இரண்டும் 1840 ஆம் ஆண்டிலே கண்காட்சி நடத்தின. அப்பகுதியில் அப்போதுதான் இருப்புப்பாதை திறக்கப்பட்டிருந்தது. ஒரு நகரத்தார் மற்ற நகரத்தாருடைய கண்காட்சியைக் காணும்பொருட்டு, இரு கழகங்களும் குறைந்த கட்டணத்தில் புகையிரதப் பயணங்களை ஒழுங்குசெய்தன. தோமஸ் குக் என்பவர் லெஸ்ரரிலிருந்து தம் முதற் சுற்றுலாவை அழைத்துச் சென்றது அதற்கு அடுத்த ஆண்டில், 1841 இல் ஆகும். கைவேலையைக் காண்பதற்காகவே மக்கள் கூட்டமாகப் புகையிரதம் ஏறிய அக்காட்சி எண்ணுந்தோறும் இன்பம் தருவதாகும்.

ஊர்தோறும் நிகழ்ந்த இக்கொண்டாட்டங்கள் 1851 ஆம் ஆண்டில் இலண்டனில் நடைபெற்ற மாபெரும் கண்காட்சிக்கு முன்னோடிகளாய் அமைந்தன. கண்ணாடியாலும் இரும்பாலும் ஆன பளிங்கு மாளிகையிலே ஏறக்குறைய ஓர் இலட்சம் பொருள்கள் வைக்கப்பட்டன. ஐந்தரை மாதங்களில் பதிவான வருகைகள் 60 இலட்சத்துக்கு மேற்பட்டவை. ஆனால், கண்காட்சி பெரிதாகப் பெரிதாக அதனைச் செய்த கை சிறிதாயிற்று. பதக்கங்கள் பொருளைக் காட்சிக்கு வைத்தவருக்கு வழங்கப்பட்டன. அவ்வாறு வைத்தவர் பெரும்பாலும் தொழில் முதலாளிகளே. அதற்கு முன்னரே, 1850 ஆம் ஆண்டில், தொழிலாள வகுப்பாரைக் கண்காட்சியோடு இணைப்பதற்காக ஒரு நடுக்குழு அமைக்கப்பட்டது. ஒக்ஸ்பேட் பேராயர் வில்பர்போஸ் அதற்குத் தலைவர். நாவலாசிரியர் சார்ள்ஸ் டிக்கன்ஸ், தொழிலாளர் தலைவர் வில்லியம் லவெற் முதலியோர் உறுப்பினர். அரச ஆணைக்குழு அதற்கு உத்தியோக அங்கீகாரம் அளிக்கவில்லை. அங்கீகாரமின்றி இயங்குவதிற் பயனில்லை என்று டிக்கன்ஸ் கருதினார். அவரது பிரேரணையின்படி அக்குழு கலைந்தது. உழைத்தவன் பார்வையாளனாக வரவேற்கப்பட்டான், பங்காளியாக வரவேற்கப்படவில்லை.

இக்குறை கழகங்களிலும் படர்ந்திருந்தது. 1851 ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் 600 க்கு மேற்பட்ட கழகங்களும், அவற்றில் ஏறக்குறைய ஓர் இலட்சம் உறுப்பினரும் இருந்தனர். ஆனால் பல ஊர்களிலே எழுதுவினைஞரும் கடைக்காரரும் பெருகிக் கைவினைஞர் அருகினர். அரசியல், சமயப் பூசல்களுக்கு இடந்தரும் நூல்களைப் பல கழகங்கள் விலக்கின. களைத்து வந்த தொழிலாளிக்குத் தன் வாழ்வைத் தொடாத நூல்கள் சுவைக்கவில்லை. இக்கழகங்கள் முதலாளி வகுப்பாரின் கைக்குட் சென்றுவிட்டன என்று பிரெடெரிக் எங்கெல்ஸ் 1845 ஆம் ஆண்டில் குறைகூறினார். ஹொட்ஸ்கின் முன்னர் அஞ்சியது முற்றும் வீணான அச்சமன்று.

எனினும், விதைத்தது முளையாமற் போகவில்லை. 1850 ஆம் ஆண்டில், வில்லியம் இவார்ட் என்ற உறுப்பினரின் முயற்சியாற் பொது நூல்நிலையச் சட்டம் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அச்சட்டம் வரிப்பணத்தைக் கட்டடத்துக்கும் ஊழியருக்கும் செலவிட அனுமதித்தது. நூல் வாங்க அனுமதிக்கவில்லை. அத்தடை 1855 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கியது. இவார்ட்டுக்குத் துணைநின்று சான்றுகளைத் திரட்டிக் கொடுத்தவர் எட்வர்ட் எட்வர்ட்ஸ். அவர் இளமையிலே செங்கல் அடுக்கும் கட்டடத் தொழில் பயின்றவர். தாமாகவே கற்றுப் பிரித்தானிய நூதனசாலையின் நூல்நிலையத்திற் பணியாற்றியவர். 1852 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 2 ஆம் நாள் மாஞ்செஸ்ரரில் இலவச நூல்நிலையம் திறக்கப்பட்டபோது அதன் முதல் நூலகராக அமர்ந்தவரும் அவரே. திறப்புவிழாவில் டிக்கன்ஸ் உரையாற்றினார். நூல்நிலையம் அமைந்த கட்டடமோ, றொபேட் ஓவனின் கொள்கைவழி நின்ற தொழிலாளர் தம் சந்தாவைக்கொண்டு எழுப்பிய அறிவியல் மண்டபமாய் முன்னர் இருந்தது. கொத்தர் தொழில் கற்ற ஒருவர், தொழிலாளர் கட்டிய மண்டபத்திலே, ஒரு நகரின் நூல்களுக்குக் காவலரானார். பொது நூல்நிலையம் கைவினைஞருக்குப் பட்டிருக்கும் கடனை இதனினும் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி அரிது.

பின்னர் 1864 ஆம் ஆண்டில், தென் இலண்டனில் உழைப்பாளர் தாம் ஓய்வுநேரத்திற் செய்த பொருள்களைத் தம் பெயராலேயே காட்சிக்கு வைத்தனர். 1868 ஆம் ஆண்டில், பிரித்தானியத் தொழிற்சங்கங்களின் முதலாவது மாநாடு மாஞ்செஸ்ரர்ப் பொறிவினைஞர் கழகத்தின் கட்டடத்திலே கூடியது. விருந்தினராய் வந்தோர் காலப்போக்கில் அவைக்கு உரியோராயினர்.

இன்று எங்கேனும் ஓர் ஊர் நூல்நிலையம் தன் அயலிலுள்ள தச்சரையும், நெய்வோரையும், குயவரையும், பாய் இழைப்போரையும் அழைத்து விழாவெடுக்குமாயின், அது பழைய நல்வழக்கொன்றையே புதுப்பிக்கின்றது. அவ்விழாவை அளக்க இவ்வரலாறு இரண்டு அளவுகோல்களைத் தருகின்றது. காட்சிக்கு வைத்த பொருளின்கீழ் அதனைச் செய்தவரின் பெயர் எழுதப்பட்டிருக்கின்றதா என்பது ஒன்று. விழா முடிந்தபின், அந்நூல்நிலையத்தின் நிருவாகக் குழுவில் அவருக்கு ஓர் ஆசனம் உண்டா என்பது மற்றொன்று. முன்னது மட்டும் இருப்பின் அது பாராட்டு. பின்னதும் இருப்பின் அது உரிமை. பாராட்டு ஒருநாளோடு முடியும். உரிமையோ, தன் தொழிலின் நுட்பத்தைச் சொல்லவும், பிறர் அதனை எழுதிவைக்கவும், எழுதியது சரியோ பிழையோ எனத் தானே நோக்கித் திருத்தவும் கைவினைஞனுக்கு வழிதரும். அவ்வாறு எழுதிவைக்கப்படாத கைத்திறன், அதனை அறிந்த முதியவரோடு மறைந்துவிடும். அதனைக் காக்கும் நூல்நிலையத்தில் ஏட்டுச் சுரைக்காயும் கறிக்கு உதவும்.