பாரதி பாட்டு யாருடையது?

பாரதியார் 1921 செப்டம்பரில் மறைந்தார். ஆசிரியர் இறந்து 50 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கும் என்றது அன்றைய சட்டம். அதன் கணக்கில் அவர் பாடல்கள் 1971 வரை தனியார் சொத்து.

சொத்தாகவே கைமாறவும் செய்தன. வறுமையில் வாடிய குடும்பத்திடமிருந்து அச்சிடும் உரிமை ஒரு பக்கம் போனது. இசைத்தட்டு, திரைப்பட உரிமை வேறு பக்கம் போய், கடைசியில் திரைப்படத் தயாரிப்பாளர் ஏவி. மெய்யப்பனிடம் சேர்ந்தது. 1947-இல் வந்த அவருடைய ‘நாம் இருவர்’ படத்தில் டி.கே. பட்டம்மாள் குரலில் பாரதி பாட்டு பட்டிதொட்டியெங்கும் ஒலித்தது. அடுத்த ஆண்டு டி.கே.எஸ். சகோதரர்கள் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாடலைச் சேர்த்தபோது வழக்கு வந்தது. விடுதலையைப் பாடியவனின் பாட்டுக்கே விலங்கா என்று எழுத்தாளர்கள் கொதித்தார்கள். அந்தக் கொதிப்பு முற்றிலும் நியாயமானது.

1949-இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் தலைமையிலான சென்னை மாகாண அரசு உரிமைகளைக் கையகப்படுத்தியது. மெய்யப்பன் தம் உரிமையைப் பணம் பெறாமலே விட்டுக்கொடுத்தார். பாரதியின் மனைவி செல்லம்மாளுக்கும் இரு மகள்களுக்கும் அரசு தொகை வழங்கியது. சில ஆண்டுகளில் அந்த எழுத்து முழுதும் பொதுவுடைமையானது. அதன்பின் பாரதியை அச்சிட எந்தப் பதிப்பகமும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. மலிவுப் பதிப்புகள் பெருகின.