சீசாவில் இருந்தால் காட்சிப்பொருள்

கோவை கௌலி பிரவுன் சாலையில், வன வளாகத்துக்குள் இருக்கிறது காஸ் வன அருங்காட்சியகம். எச்.ஏ. காஸ் என்கிற வெள்ளைக்கார வன அதிகாரி 1902இல் ஏற்படுத்தியது. அண்மையில் போயிருந்தேன். கூட வந்தவர் ஆனைமலைக் காடர் குடியிருப்பைச் சேர்ந்த நண்பர். பாடம் பண்ணிய காட்டுமாட்டை அவர் ரொம்ப நேரம் பார்க்கவில்லை. பிசின், நார் எல்லாம் வைத்திருக்கிற பக்கம் வந்ததும் நின்றுவிட்டார்.

நான் மரங்களிடம் நின்றிருந்தேன். ஆனைமலைத் தேக்கு 19ஆம் நூற்றாண்டில் பம்பாய்க் கப்பல் தளத்துக்குப் போனது. மலையுச்சியிலிருந்து மரங்களைச் சறுக்கிவிட்ட இடம்தான் டாப்ஸ்லிப். தேக்கு என்ற நம்முடைய சொல்லும் போர்த்துகீசியர் வாய்வழியே போய் ஆங்கிலத்தில் 'டீக்' ஆனது. மரம் போன வழியிலேயே பெயரும் போயிருக்கிறது.

சென்னை மாகாணத்தில் வனப் பாதுகாவலர் பதவி வந்தது 1856இல், வனச்சட்டம் 1882இல், இந்தக் கூடம் 1902இல். முதலில் கணக்கு, பிறகு வேலி, அதன் பிறகு காட்சி. காட்டைப் பற்றிய அறிவும் காட்டின் மேலான அதிகாரமும் ஒரே கை எழுதிய இரண்டு பிரதிகள் என்றே வாசிக்கத் தோன்றுகிறது.

நான் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தபோது நண்பர் பிசினைக் காட்டிச் சொன்னார்: "சீசாவுல இருந்தா கண்காட்சிங்க தோழர். எங்க தாத்தன் கையில இருந்தா கேஸுங்க."

என்னுடைய கோட்பாடு ஒரே வாக்கியத்தில் முடிந்துபோயிற்று.

வனத்துறைச் சொல்லாடலில் தேனும் பிசினும் கடுக்காயும் 'சிறுவன மகசூல்'. யாருக்குச் சிறியது? வெட்டி விற்கிறவனுக்கு மரம் பெரிது. வெட்டாமல் வாழ்கிறவனுக்குத் தேனும் பிசினும்தான் பெரிது. மரம் நின்றால்தானே அவை கிடைக்கும்! 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இந்தச் சிறுவன மகசூலைப் பழங்குடிகளின் உடைமை என்று ஒப்புக்கொண்டது. ஆனால் 'சிறு' என்ற அடைமொழி அந்தச் சட்டத்திலும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

கூடத்தை மூடச் சொல்லவில்லை. காட்டில் என்னென்ன இருந்தது என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி. சாட்சியைக் கேள்வி கேட்பது யார் என்பதுதான் விஷயம். இந்த முறை கேட்டவர் காட்டிலிருந்து வந்தவர்.

வெளியே வந்து டீ குடித்தோம். "அடுத்த தடவ எங்க பசங்களக் கூட்டிட்டு வரோணுங்க" என்றார் நண்பர். "அவங்களுக்குச் சொல்ல நெறய இருக்குது."