குடும்ப வேதாகமம்: காவிரிப் படுகையில் குடிவழிப் பதிவின் வளர்ச்சி

குடும்ப வேதாகமம் வீட்டு வழிபாட்டுக்குரிய நூல். பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம், இறப்பு ஆகியவற்றைத் தலைமுறைதோறும் குறித்துவைக்கும் ஏடும் அதுவே. ஐரோப்பியச் சீர்திருத்தச் சபைகளில் வளர்ந்த இவ்வழக்கம் தமிழ்க் கிறித்தவக் குடும்பங்களிலும் வேரூன்றியது. காவிரிப் படுகையில், முந்தைய பதிவு முறைகள் விட்டுவைத்த ஓர் இடைவெளியை அது நிரப்பியது.

ஓலையும் கல்லும்

படுகையின் வீடுகளில் பிறப்புக்குரிய ஆவணம் சாதகம். முதலில் ஓலையிலும் பின்னர்த் தாளிலும் எழுதப்பட்ட அதில் தமிழ் ஆண்டு, மாதம், கிழமை, நட்சத்திரம், இலக்கினம், கர்ப்பச்செல் (பிறப்பதற்கு முன்பே கழிந்த தசைக் காலம்) நீக்கி நின்ற தசை இருப்பு ஆகியன இடம்பெறும். அது தனி ஒருவருக்கு உரியது. இறப்போ, திதி கொடுப்பதற்காக மாதம், பட்சம், திதி என்ற அளவில் நினைவில் நின்றது, ஆண்டு மறைந்துபோனது. தமிழ் ஆண்டுப் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வருவதால், சக ஆண்டோ கலியாண்டோ குறிக்கப்படாத சாதகத்தின் காலத்தைக் கிரகநிலைகளைக் கணித்தே உறுதிசெய்ய வேண்டியிருக்கும்.

உறவுமுறைக்குச் சான்று எவ்வளவு இன்றியமையாதது என்பதைத் தஞ்சை மராத்திய அரசுரிமை வழக்கு காட்டுகிறது. 1787இல் துளஜா மன்னர் சரபோஜியைச் சுவீகாரம் எடுத்தார். அச்சுவீகாரம் செல்லாது என்ற வாதத்தின் பேரில் துளஜாவின் சகோதரர் அமர்சிங் ஆட்சிக்கு வந்தார். 1798இல் முடிவு மாறிச் சரபோஜி அரியணை ஏற, அமர்சிங் மத்தியார்ச்சுனம் எனப்படும் திருவிடைமருதூரில் குடியேறினார். 1803இல் சரபோஜி தம் போன்சலே வம்ச வரலாற்றைத் தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் மராத்தியில் பொறிக்கச் செய்தார். எளிய குடும்பங்களுக்கு அத்தகைய சுவர் வாய்க்கவில்லை.

திருச்சபைப் பேரேடு

லுத்தரன் மறைப்பணியாளர்களான சீகன்பால்கும் புளூட்சோவும் 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். மறு ஆண்டே முதல் ஞானஸ்நானங்கள் நடந்தன. தங்கள் நாட்டு லுத்தரன் சபை வழக்கப்படி ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றுக்கு அவர்கள் பேரேடு வைத்தனர். கத்தோலிக்கப் பங்குகளில் ஞானஸ்நானம், திருமணம் ஆகியவற்றின் பதிவு திரிதெந்து பொதுச்சங்கத்தின் (1545–1563) ஆணைப்படி நடந்தது. ஒருவரின் திருமணத்தை அவரது ஞானஸ்நானப் பதிவின் ஓரத்திலேயே குறிக்கும் முறை பின்னர் ஏற்பட்டது. ஆனால் பேரேடு கோயிலில் இருந்தது. வேலை தேடி இலங்கைக்கும் ரங்கூனுக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற குடும்பங்களின் பதிவுகள் பல ஊர்க் கோயில்களில் சிதறின.

வீட்டுக்கு வந்த ஏடு

தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. பழைய ஏற்பாடு 1728இல் நிறைவுற்றது. ஆயினும் முழு வேதாகமம் சாதாரண வீடுகளை எட்டியது 19ஆம் நூற்றாண்டில்தான். 1820இல் தொடங்கிய சென்னை வேதாகமச் சங்கத்தின் பணியும், 1871இல் வெளியான, போவர் தலைமையிலான குழுவின் வேதாகம மொழிபெயர்ப்பும் அதற்கு வழிவகுத்தன.

நூலின் முன்னும் பின்னும் இருந்த வெற்றுத் தாள்கள் குடும்பத்தின் ஏடாயின. பிறந்த நாள், ஞானஸ்நானம் பெற்ற கோயில், ஞானப்பெற்றோர், திருமண நாள் ஆகியவை கிறித்தவ ஆண்டில் எழுதப்பட்டன. இறந்தவர் பெயருக்கு எதிரே ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்ற தொடரும் நாளும் சேர்க்கப்பட்டன. பிறப்பும் இறப்பும் ஒரே பக்கத்தில், ஒரே ஆண்டுக்கணக்கில், முழுக் குடும்பத்துக்குமாக அமைந்ததே இம்முறையின் புதுமை. குடும்பம் இடம்பெயர்ந்தபோது பதிவும் உடன் சென்றது.

சட்டத்தின் பார்வை

அமெரிக்கப் புரட்சிப் போர் வீரர்களின் விதவைகள் ஓய்வூதியம் கோரியபோது, திருமணத்துக்குச் சான்றாக வேதாகமத் தாள்களையே கிழித்து அனுப்பினர். இந்தியாவில், 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, குடும்பக் கொடிவழி, கல்லறைக் கல், குடும்ப உருவப்படம் முதலியவற்றில் உள்ள உறவுக் கூற்றுகளை, தகராறு எழும் முன்பே எழுதப்பட்டிருந்தால், சான்றாக ஏற்றது. வேதாகமப் பதிவும் இவ்வகைப்பட்டது.

பதிவின் நம்பகத்தன்மையை ஏடே காட்டிக்கொடுக்கும். காலத்துக்கேற்ப மையும் கையெழுத்தும் மாறியிருந்தால், அவை நிகழ்ச்சிகளை ஒட்டி எழுதப்பட்டவை எனலாம். எல்லா வரிகளும் ஒரே மையில், ஒரே கையில் இருந்தால், ஒரே அமர்வில் எழுதியதாகக் கருத இடமுண்டு. முகப்புப் பக்கத்தின் அச்சாண்டுக்கு முந்தைய பிறப்பு, வேறிடத்திலிருந்து படியெடுத்ததாகவோ நினைவிலிருந்து எழுதியதாகவோதான் இருக்க முடியும்.

அரசுப் பதிவும் இன்றைய நிலையும்

1899ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டத்தின்படி கிராமங்களில் பிறப்பு இறப்புப் பதிவு நடந்தது; கிராம முன்சீப் அதைக் கவனித்தார். 1969ஆம் ஆண்டுச் சட்டம் நாடு முழுமைக்கும் ஒரே முறையைக் கொண்டுவந்தது. 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள திருத்தம், அந்நாளிலிருந்து பிறப்போருக்குப் பிறப்புச் சான்றிதழையே பிறந்த நாளின் ஆதாரமாக்கியது. இதனால் வேதாகமப் பக்கத்தின் நிருவாகத் தேவை குறைந்துவிட்டது. எனினும் அரசுப் பதிவேடு நிகழ்ச்சிகளைத் தனித்தனியே குறிக்கிறது. தலைமுறைகளை இணைத்துக் காட்டுவது குடும்ப ஏடுதான். வரலாற்றுச் சான்றாக அதைப் படியெடுக்கும்போது, பதிவுத் தாள்களுடன் அச்சாண்டு உள்ள முகப்புப் பக்கத்தையும் சேர்த்தெடுப்பது கட்டாயம். அது இல்லாத படியில், அச்சாண்டைக் கொண்டு பதிவின் காலத்தைச் சோதிக்க வழியில்லை.