வாளைப் பறிகொடுத்த வித்தைக்காரர்

மட்டக்களப்பு வாவிக்கரை மக்களுக்கு அமெரிக்கர் புதியவரல்லர். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இயேசு சபையின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்தைச் சேர்ந்த இளங் குருமார் பலர் இங்கு வந்து சேர்ந்தனர். புனித மிக்கேல் கல்லூரியிலே பாடஞ் சொன்னார்கள். மாணவருக்குக் கூடைப்பந்து பழக்கினார்கள். தமிழ் கற்றுத் தமிழிலேயே பேசினார்கள். அவர்களுள் ஒருவரான வெபர் அடிகளாரின் பெயரை நகரத்து விளையாட்டரங்கு இன்றும் தாங்கி நிற்கிறது. இன்னொருவரான லாங் அடிகளார், முழுநிலா இரவுகளிற் கல்லடிப் பாலத்தடியிலே கேட்கும் 'பாடும் மீன்' ஒலியைப் பதிவு செய்தார். அந்தப் பதிவு இலங்கை வானொலியிலும் ஒலித்தது. வாவியின் குரலை நாடு முழுவதும் கேட்கச் செய்தவர் ஓர் அமெரிக்கர் என்பதை இவ்வூர் முதியோர் பெருமையுடன் நினைவுகூர்வதுண்டு.

வடக்கே யாழ்ப்பாணத்தில் இந்த உறவு இன்னும் பழைமையானது. 1815ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் அமெரிக்காவின் நியூபரிபோர்ட் துறைமுகத்திலிருந்து 'டிரையட்' என்னும் கப்பலிற் புறப்பட்ட பாதிரிமார் 1816 மார்ச்சிற் கொழும்பை அடைந்தனர். பூவர், மெய்க்ஸ், றிச்சட்ஸ், வாரன் என்னும் அவர்களுடைய பெயர்கள் கல்வி வரலாற்றிலே நிலைபெற்றவை. 1823இல் தோன்றிய வட்டுக்கோட்டைச் செமினரியைப் பற்றி அறியாத ஈழத்துப் படிப்பாளி இல்லை.

ஆனால், கடல்வழி ஒருவழிப் பாதையன்று. அமெரிக்கப் பாதிரிமார் யாழ்ப்பாணத்திலே தமிழ் அரிச்சுவடியைக் கையில் எடுத்த அதே ஆண்டுகளில், தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒருவர் அமெரிக்க நகரங்களில் மக்கள் முன்னே வந்து நின்றார். அவர் கையில் வேதநூல் இல்லை. சில பித்தளைப் பந்துகளும் ஒரு வாளும் இருந்தன.

1817ஆம் ஆண்டு நவம்பர் மாதம் நியூயோர்க் நகரில் 'சேனா சாமா' என்னும் பெயருடைய சென்னை வித்தைக்காரர் ஒருவரின் காட்சி விளம்பரமாயிற்று. அவர் வாள் விழுங்குபவர். அந்த விளம்பரத்திலே சுவையான செய்தியொன்று காணப்படுகிறது. அவர் விழுங்கப்போகும் வாள், நியூயோர்க்கைச் சேர்ந்த வில்லியம் பை என்பவர் செய்தது என்றும், வித்தைக்காரருடைய பழைய வாளை எவனோ ஒரு தீயவன் அண்மையிலே திருடிவிட்டபடியால் அதற்கு ஈடாக இது செய்யப்பட்டது என்றும் அதிற் குறிக்கப்பட்டிருந்தது.

புலம்பெயர்ந்த ஒரு தொழிலாளியின் அன்றாட வாழ்க்கை இந்த ஒரு செய்தியிலே தெளிவாகத் தெரிகிறது. வலையைக் களவு கொடுத்த வாவி மீனவனின் நிலை எதுவோ அதுவே அவர் நிலை. வேறு வலை வாங்கலாம். ஆனால் கைப்பழக்கமான வலை வேறுதான். வாள் விழுங்குபவரின் வாளோ வலையினும் நுட்பமானது. அதன் நீளம், அகலம், நுனியின் வளைவு ஆகிய அனைத்தும் அவருடைய தொண்டைக்கும் நெஞ்சுக்கும் இணங்க அமைய வேண்டும். மொழி தெரியாத ஊரிலே கொல்லன் ஒருவனைத் தேடி, அளவு சொல்லி, செய்வித்து, அந்நிய இரும்பைத் தன் உடலுக்குள் முதன்முறை இறக்கிப் பார்த்த நாள் அவருக்கு எளிதான நாளாக இருந்திராது. எனினும் நட்டத்திலும் ஓர் ஆதாயம் இருந்தது. வாள் மடங்கும், கைப்பிடிக்குள் மறையும் என்றெல்லாம் ஐயுறுவோர் எங்கும் உண்டு. உள்ளூர்க் கைவினைஞர் ஒருவர் செய்த வாள் என்று பெயர் சொல்லி விளம்பரம் செய்தால் அந்த ஐயம் எழுவதற்கு இடமில்லை. வணிகம் மிகுந்த நாட்டில் விளம்பரம் செய்யும் முறையை வித்தைக்காரரோ அவரை அழைத்துச் சென்றவரோ விரைவிலே கற்றுக்கொண்டார் என்று தோன்றுகிறது.

இரண்டாண்டுகள் கழித்து, 1819இல், பொஸ்டன் முதலிய நகரங்களில் 'ராமோ சாமி' என்னும் பெயர் அடிபடத் தொடங்கியது. அது இராமசாமி என்னும் பெயரின் திரிபு என்பதைச் சொல்லவேண்டியதில்லை. சேனா சாமாவும் இவரும் ஒருவரே என்று கருதும் ஆய்வாளர் உளர். ஆங்கில அச்சுக்கோப்பவரின் கையில் அகப்பட்ட தமிழ்ப் பெயர் எத்தனை வடிவம் எடுக்கும் என்பதை நோக்கினால் அது நிகழக்கூடியதே.

இங்கே அந்த வித்தையைப் பற்றிச் சிறிது கூறுவது பொருந்தும். இந்தியச் செப்படி வித்தைக்காரர் குழுவொன்று 1813ஆம் ஆண்டு லண்டனுக்குச் சென்று பால் மால் வீதியிலே காட்சி நடத்தியது. கிண்ணமும் பந்தும் கொண்டு செய்யும் கண்கட்டு, வாயிலே மணிகளைப் போட்டு நாவாலேயே குதிரைமயிரிற் கோத்து எடுத்தல், வாள் விழுங்குதல், பித்தளைப் பந்துகளை எறிந்து பிடித்தல் ஆகியவை அக்கலைஞரின் சிறப்பு வித்தைகள். இவற்றுள் பந்து வித்தை தமிழருக்கு மிகப் பழைய சொத்து. பெண்கள் அம்மானைக் காய்களை மாறிமாறி எறிந்து பிடித்துப் பாடிய ஆட்டமே இலக்கியத்தில் அம்மானை என்னும் பாடல் வகையாயிற்று. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையிலே அம்மானை வரியும் கந்துக வரியும் இடம்பெற்றுள்ளன. மகளிர் விளையாட்டாக முற்றத்தில் இருந்ததே தெருவித்தைக்காரரின் கையிலே பிழைப்பாக மாறியது.

கை இரண்டு, பந்து நான்கு என்றால் கணக்கு எளிதுபோலத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு கையும் இரண்டு பந்துகளைத் தனித்தனியே வட்டமாகச் சுழற்ற வேண்டும்; எந்தக் கணத்திலும் இரண்டு பந்துகளேனும் வானில் இருக்க வேண்டும்; கண் கையை நோக்காமல் மேலே நோக்க வேண்டும். எறியும் உயரம் சற்றே மாறினால் விழும் நேரம் மாறும். விழும் நேரம் மாறினால் அடுத்த பந்து கையில் மோதும். சிறு பிராயத்திலிருந்து பழகினாலன்றி இது கைவராது. வாள் விழுங்குதலோ உடலையே அடக்கும் பயிற்சி. தலையைப் பின்னே சாய்த்து வாயையும் உணவுக்குழலையும் நேர்கோட்டில் நிறுத்தி, குமட்டலைப் பல ஆண்டுப் பயிற்சியால் வென்ற பின்னரே வாள் உள்ளே இறங்கும். 1868இல் ஜேர்மன் மருத்துவர் குஸ்மால், மனித வயிற்றின் உட்புறத்தைக் கருவி கொண்டு காண முயன்றபோது துணைக்கு அழைத்தது ஒரு வாள் விழுங்குபவரைத்தான். சந்தைத் திடலிற் பிறந்த திறமையிலிருந்து மருத்துவம் இவ்வாறு ஒரு பாடம் படித்தது.

ஆங்கிலக் கட்டுரையாசிரியர் வில்லியம் ஹாஸ்லிற் லண்டனில் இந்திய வித்தைக்காரரைக் கண்டு எழுதிய கட்டுரை 1821இல் அவருடைய நூலொன்றில் வெளிவந்தது. அவர் கண்ட தலைமை வித்தைக்காரர் இராமசாமியே என்று பலர் கருதுவர். வெள்ளுடையும் இறுகக் கட்டிய தலைப்பாகையுமாகத் தரையில் அமர்ந்து நான்கு பந்துகளை ஒருவர் சுழற்றுவதைக் கண்டதும் ஹாஸ்லிற் வெட்கினார். பிழையே இன்றிச் செய்யத்தக்க ஒரு தொழில் தம்மிடம் உண்டா என்று தம்மையே கேட்டார். தாம் எழுதும் கட்டுரைகள் எவ்வளவு கோணலானவை என்று நொந்துகொண்டார். பின்னர் சற்றே மனந்தேறி, கைத்திறன் வேறு, உயர்ந்த கலை வேறு என்று வாதித்துத் தம் தொழிலின் மானத்தைக் காத்துக்கொண்டார். வாள் விழுங்குவதைக் காவலர் தடுக்க வேண்டும் என்பதும் அவர் கருத்து. அக்கட்டுரை ஆங்கில இலக்கியத்தில் நிலைத்தது. ஆனால் அதைப் படிப்போருள் எத்தனை பேர் வித்தைக்காரரின் பெயரைக் கேட்டிருப்பர்?

லண்டனில் எழுத்தாளர் ஒருவரை வெட்கப்படச் செய்த இத்திறமை, அமெரிக்காவிலே வேறொரு சூழ்நிலையை எதிர்கொண்டது. வடகிழக்கு அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதி, கடுந்துறவு மனப்பான்மையுள்ள பியூரிட்டன் சமயத்தார் அமைத்தது. உழைப்பே வழிபாடு, வேடிக்கை வீண்பொழுது என்பது அவர்களுடைய கொள்கை. பொஸ்டன் அடங்கிய மசசூசெற்ஸ் பகுதியில் நாடகத்தைத் தடுத்து 1750இலே சட்டம் இயற்றப்பட்டிருந்தது. அண்டைப் பகுதியான கனெக்டிகட் 1773இற் செய்த சட்டமோ கயிற்றில் ஆடுவோர், கைவித்தை காட்டுவோர், உடல்வித்தை செய்வோர் ஆகியோரையே நேராகக் குறிவைத்தது. சூனியக் குற்றஞ்சாட்டி 1692இற் பத்தொன்பது பேரைத் தூக்கிலிட்ட சேலம் நகரமும் இந்தப் பகுதியிலேயே உள்ளது. இராமசாமி செல்லும் காலத்தில் அந்தக் கடுமை பெரிதும் தளர்ந்திருந்தது. நாடக அரங்குகள் திறந்திருந்தன. காசு கொடுத்துக் காட்சி காண்போர் பெருகியிருந்தனர். ஆயினும் தந்தையர் காலத்தில் பாவமாக இருந்த ஒன்றை மக்கள் கூச்சத்தோடு கண்டுகளித்த தலைமுறை அது.

அந்த மக்கள் இந்தியாவைச் சரக்காகவே பெரிதும் அறிந்திருந்தனர். துணி, சர்க்கரை, வாசனைப் பொருள்கள் ஆகியவை சேலம் துறைமுகக் கப்பல்களில் வந்து குவிந்தன. 1796இல் சேலத்துக் கப்பற்தலைவர் ஒருவர் வங்காளத்திலிருந்து யானைக்குட்டி ஒன்றை நியூயோர்க்குக்குக் கொண்டுசென்றார். ஊர் ஊராக அதனைக் காட்டிப் பணம் திரட்டினார்கள். மனிதரும் இடையிடையே வந்தனர். சேலத்துப் பாதிரியார் வில்லியம் பென்ற்லி, 1790 டிசம்பரிற் சென்னையிலிருந்து வந்த ஒருவரை முதன்முறையாகக் கண்டதைத் தம் நாட்குறிப்பிலே எழுதிவைத்தார். நிறம் எத்துணைக் கறுப்பு, தலைமயிர் எத்துணை நீளம், முகம் எத்துணைச் சாந்தம் என்றெல்லாம் குறித்த பாதிரியார் அந்த மனிதரின் பெயரை எழுதவில்லை.

அதே 1790ஆம் ஆண்டிலே அமெரிக்கப் பாராளுமன்றம் குடியுரிமைச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. சுதந்திரமான வெள்ளையரே குடியுரிமை பெறலாம் என்பது அதன் விதி. இந்தியருக்கு அந்தக் கதவு திறந்தது 1946இல். குடியுரிமைக்கு நிறம் தடையல்ல என்று பொதுவாகவே விதித்த சட்டம் வந்தது 1952இல். ஆகவே, வாள் விழுங்கிய தமிழர் எத்தனை ஊர்களின் கைத்தட்டலைப் பெற்றாலும் அந்நாட்டின் குடிமகனாதல் இயலாது. அதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் இறங்கிய அமெரிக்கப் பாதிரிமாருக்கோ வீடும் தோட்டமும் பள்ளியும் அமைக்க இடம் கிடைத்தது.

இராமசாமி மீண்டும் லண்டனுக்கே சென்றார். கோபர்க் அரங்கு முதலிய இடங்களிற் புகழுடன் விளங்கினார். ஆங்கிலப் பெண் ஒருவரை மணந்து மக்களையும் பெற்றார். காலப்போக்கில் ஆங்கிலேயரே பந்து எறிந்து பிடிக்கவும் தலைப்பாகை கட்டி 'இந்திய வித்தைக்காரர்' என்று விளம்பரம் செய்யவும் தொடங்கினர். அசலைக் காண வந்த கூட்டம் நகலிலும் நிறைவடைந்தது. புதுமை குறையக் கூலியும் குறைந்தது.

வித்தையை நாடும் கூட்டம் வித்தைக்காரரை எங்கே வைக்கிறது என்று பார்க்க லண்டன்வரை போகவேண்டியதில்லை. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகும்வரை மட்டக்களப்போடு சேர்ந்திருந்த தென்பகுதியில், அக்கரைப்பற்றுக்கு அண்மையிலே அளிக்கம்பை என்னும் ஊர் உண்டு. அங்கே வாழ்பவர் குறவர். வீட்டிலே தெலுங்கு பேசுபவர். பாம்பாட்டியும் குரங்காட்டியும் கைரேகை பார்த்தும் ஊர் ஊராகத் திரிந்த அம்மக்கள், கத்தோலிக்கக் குருமாரின் முயற்சியால் 20ஆம் நூற்றாண்டிலே அங்கு நிலையாகக் குடியமர்ந்தனர். மகுடி ஓசை கேட்டதும் படலையடிக்கு ஓடிய வாவிக்கரைப் பிள்ளைகள் பலர். பாம்பாட்டியைப் படலைக்கு உள்ளே அழைத்து இருக்கச் சொன்ன வீடுகள் எத்தனை? வடமோடி, தென்மோடிக் கூத்துகளைப் பேராசிரியர் வித்தியானந்தன் 1960களிற் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுசென்றபோது கூத்தருக்கு மதிப்பு உயர்ந்தது. தெருவித்தைக்கு அத்தகைய பேராசிரியர் ஒருவர் வாய்க்கவில்லை.

1850ஆம் ஆண்டு இராமசாமி லண்டனிற் காலமானார். அவரை அடக்கஞ் செய்வதற்குக் கையிற் பணமில்லை. அவருடைய மனைவி விளையாட்டுச் செய்திகளை வெளியிடும் பத்திரிகை ஒன்றிலே, பழைய இரசிகர்கள் பொருளுதவி செய்ய வேண்டும் என்று விளம்பரம் கொடுத்தார்.