ஏழு ஷில்லிங்கும் எழுபத்திரண்டு கஜமும்

கோச்சடையிலிருந்து வைகையின் போக்கிலேயே கிழக்கே போனால் ஆரப்பாளையம் வந்துவிடும். அங்கேதான் புட்டுத்தோப்பு. ஆவணி மூலத்தன்று சொக்கநாதர் மண் சுமக்க எழுந்தருளும் இடம். கதை மதுரைக்காரர் எல்லோருக்கும் தெரியும். வைகையில் வெள்ளம், கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்று பாண்டியன் உத்தரவு, பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்திக் கிழவிக்கு அனுப்ப ஆளில்லை. கூலியாளாக வந்த சிவன் கேட்டது உதிர்ந்த பிட்டை மட்டும். நாம் வழக்கமாகப் பாண்டியன் அவருக்குக் கொடுத்த பிரம்படியைப் பற்றித்தான் பேசுவோம். எனக்கு அதற்கு முன்னால் நடந்த கூலிப் பேச்சுதான் பெரிதாகப் படுகிறது. வேலை கொடுப்பவரே பரம ஏழை. கூலி அவரால் முடிந்த அளவு. வந்தவர் சரி என்கிறார். தெய்வம் சரி என்று சொல்லலாம். வீட்டில் இரண்டு பிள்ளைகள் காத்திருக்கும் சித்தாள் சொல்ல முடியுமா? குறைந்தபட்சக் கூலியை உயர்த்துவது பற்றி இன்று நடக்கும் வாதங்களில் பாதி இந்த இடத்தில்தான் வந்து நிற்கின்றன.

மதுரைச் சமவெளியில் வெகுகாலம் கூலியை முடிவு செய்தது வழக்கம்தான். களத்தில் நெல்லை அளந்து கொத்து கொடுப்பார்கள். மரக்கால் யாருடையதோ அவர் சொன்னதே கணக்கு. வேறு நாடுகளில் சட்டம் கூலிக்குள் தலையிட்டதுண்டு, ஆனால் எதிர்த்திசையில். 14ஆம் நூற்றாண்டில் கொள்ளைநோய் இங்கிலாந்தின் மக்களைக் கொத்துக் கொத்தாக அள்ளிக்கொண்டு போனபின், மிஞ்சிய உழைப்பாளிகள் கூடுதல் கூலி கேட்டார்கள். 1351இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது: நோய்க்கு முன் வாங்கியதற்கு மேல் யாரும் கேட்கக் கூடாது. கூலிக்குக் கூரை போடத் தெரிந்த அரசுகளுக்குத் தரை போடத் தோன்றுவதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அது தோன்றியது லண்டனிலோ பாரிஸிலோ இல்லை. 1894இல் நியூசிலாந்து தொழில் தகராறுகளைத் தீர்க்கும் நடுவர் மன்றத்துக்குக் கூலியை நிர்ணயிக்கும் அதிகாரம் கொடுத்தது. 1896இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணம் இன்னும் நேரடியாக இறங்கியது. மெல்போர்ன் வீடுகளில் இரவெல்லாம் துணி தைத்து, உருப்படிக்கு இத்தனை பென்ஸ் என்று வாங்கிய பெண்களின் நிலையை ‘தி ஏஜ்’ நாளிதழ் விடாமல் எழுதியது. முதலாளிகளும் தொழிலாளிகளும் சம எண்ணிக்கையில் உட்கார்ந்து கூலியை முடிவு செய்யும் வாரியங்கள் பிறந்தன. இந்தப் பிறப்பில் ஒரு கறையும் உண்டு. வாரியம் அமைந்த தொழில்களில் ஒன்று மரச்சாமான் செய்வது. அங்கே சீனத் தச்சர்கள் குறைந்த விலைக்குப் போட்டியிட்டார்கள். ஒரே ஒரு சீனர் வேலை செய்தாலும் அந்த இடம் தொழிற்சாலைதான் என்றும், அவர்கள் செய்த பொருளில் முத்திரை குத்த வேண்டும் என்றும் அதே சட்டம் சொன்னது. ஏழைப் பெண்களைக் காக்க எழுதிய காகிதத்திலேயே வேற்று இனத்தாரை விரட்டும் வரியும் சேர்ந்தே இருந்தது.

அந்த மாகாணத்து அரசியல்வாதி ஆல்ஃபிரட் டீக்கின், இந்தியாவிலும் இலங்கையிலும் சுற்றி நம் பாசன முறைகளைப் பார்த்து 1893இல் புத்தகம் போட்டவர். பிரதமரான பின், 1906இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்: நியாயமான கூலி தரும் இயந்திர உற்பத்தியாளருக்கு வரி கிடையாது. நியாயமான கூலி எவ்வளவு என்று சட்டம் சொல்லவில்லை. அறுவடை இயந்திரம் செய்யும் ஹியூ மெக்கே வரிவிலக்குக் கேட்டு வந்தபோது, அந்தச் சுமை நீதிபதி ஹிக்கின்ஸ் தலையில் விழுந்தது. அவர் கம்பெனியின் லாபக் கணக்கைப் பார்க்கவில்லை. தொழிலாளர் வீட்டுப் பெண்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி வாடகை, ரொட்டி, இறைச்சி, விறகு என்று வரி வரியாகக் கேட்டார். கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள் சிக்கனமாக, ஆனால் மனிதராக வாழ நாளுக்கு ஏழு ஷில்லிங் வேண்டும் என்று 1907இல் தீர்ப்பளித்தார். வழக்கு மேலே போனது. அடுத்த ஆண்டே வரிச் சட்டம் செல்லாது என்றாகிவிட்டது. சட்டம் செத்தது, ஏழு ஷில்லிங் சாகவில்லை. அடுத்து வந்த கூலி வழக்குகளுக்கெல்லாம் அதுவே அளவுகோலாயிற்று.

இங்கிலாந்து தன் குடியேற்ற நாட்டைப் பார்த்துக் காப்பியடித்தது. ஓர் அதிகாரியை அனுப்பி விக்டோரியாவின் வாரியங்களை ஆராய்ந்த பின், 1909இல் வின்ஸ்டன் சர்ச்சில் சட்டத்தைக் கொண்டுவந்தார். முதலில் நான்கே தொழில்கள். அவற்றில் ஒன்று வீட்டுக் கொல்லையில் உலை வைத்துச் சங்கிலி அடிப்பது. கிராட்லி ஹீத் என்ற ஊரில் பெண்கள்தான் அதைச் செய்தார்கள். மணிக்கு இரண்டரை பென்னி என்று 1910இல் வாரியம் அறிவித்தது. ஆறு மாதம் பழைய கூலியே போதும் என்று எழுதிய காகிதத்தை நீட்டி, எழுத்தறியாத பெண்களிடம் முதலாளிகள் கைநாட்டு வாங்கினார்கள். மேரி மெக்ஆர்தர் தலைமையில் பத்து வாரம் வேலைநிறுத்தம் நடந்தது. பெண்கள் வென்றார்கள். சட்டம் எண்ணை எழுதினால் மட்டும் போதாது, அதை வாங்க ஓர் ஆள்கட்டும் வேண்டும் என்பது அன்றே தெரிந்துவிட்டது.

அடுத்த தாவல் நம் பக்கம். பலர் நினைப்பது போல் டெல்லிக்கு அல்ல; மண்டபம் வழியாக இலங்கைக்கு. மதுரையைத் தாண்டி மண்டபம் முகாமுக்குப் போன ரயில்களில் கங்காணிகளோடு தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்கள் நம் தென்மாவட்டத்து ஏழைகள். 1922இல் இந்திய அரசு குடியேற்றச் சட்டம் போட்டு, ஆள் வேண்டுமென்றால் அடிப்படைக் கூலியை உறுதி செய்யுங்கள் என்று நெருக்கியது. 1927இல் கொழும்பு சட்டசபை ‘இந்தியத் தொழிலாளர் குறைந்தபட்சக் கூலிச் சட்ட’த்தை நிறைவேற்றியது. ஊரில் இருந்த தமிழருக்குச் சட்டக் கூலி கிடைப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, கடல் தாண்டிய தமிழருக்கு அது எழுத்தில் கிடைத்துவிட்டது. மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். தாழ்நாட்டில் 50, 40. அதே காலத்தில் மலாயாத் தோட்டங்களின் முக்கிய வட்டாரங்களிலும் 50, 40தான். கொழுந்து பறித்ததில் பெரும்பகுதி பெண்களின் விரல்கள். ஆனால் ஆணின் கூலியில் ஐந்தில் நான்கு பங்குதான் அவர்களுக்கு. இந்த நான்கு பங்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வேறு உருவில் மறுபடி வருகிறது.

தஞ்சையிலிருந்து போன கோ. நடேசய்யரும், பாட்டெழுதிப் பாடித் தொழிலாளரைத் திரட்டிய அவர் மனைவி மீனாட்சியம்மையும் தோட்டம் தோட்டமாகச் சங்கம் கட்டினார்கள். 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் கூலி உயர்வு கேட்ட போராட்டத்தில் போலீஸ் சுட்டு, கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்றாக 1984 வரை ஆயிற்று. 2021இல் ஆயிரம் ரூபாய், 2024இல் 1,350 என்று எண் ஏறியது. ஆனால் நாளுக்கு இத்தனை கிலோ கொழுந்து என்ற அளவு எட்டாவிட்டால் செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேட்டில் அரைப்பேர்தான், பாதிக் கூலிதான். ஆயிரம் ரூபாய் வந்தபோது பல தோட்டங்களில் பறிக்க வேண்டிய அளவும் ஏறிவிட்டது என்று தொழிலாளர்கள் முறையிட்டார்கள். கூலி விவாதத்தில் எல்லோரும் எண்ணைப் பார்க்கிறார்கள். அந்த எண்ணுக்குள் எத்தனை மணி நேரம், எத்தனை கிலோ, எத்தனை வயிறு அடைத்து வைக்கப்பட்டிருக்கின்றன என்பதுதான் பார்க்க வேண்டியது.

இந்தியாவுக்குள் குறைந்தபட்சக் கூலி என்ற இந்தச் சரக்கு வந்து சேர்ந்தது ஜெனீவா வழியாக. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1928இல் உடன்படிக்கை போட்டது. தொழிலாளர் துறைப் பொறுப்பு அம்பேத்கரிடம் இருந்தபோது, 1946 ஏப்ரலில் மசோதா வந்தது. 1948 மார்ச்சில் சட்டமாயிற்று. இங்கிலாந்தின் நான்கு தொழில் பட்டியல் இங்கே பீடி, அரிசி ஆலை, தோல் பதனிடுதல், கல்லுடைப்பு, சாலைப் பணி, தோட்டம் என்று நீண்டது. விவசாயம் தனிப் பகுதியாக இடம்பெற்றது. சங்கம் வைக்க முடியாதவர்களுக்கே முதலில் என்பது அதன் நோக்கம். நோக்கத்துக்கும் வயலுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதை 1968 டிசம்பர் 25 இரவு காட்டியது. அரைப்படி நெல் கூட்டிக் கேட்ட போராட்டத்தின் முடிவில் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்து போனார்கள். அதன் பின்னரே 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது.

கூலியைக் கணக்கிடும் சூத்திரம் பிறந்தது குன்னூர் மலையில் என்றால் நம்புவீர்களா? டப்ளினில் பிறந்த வாலஸ் அய்க்ராய்டு, 1935 முதல் பத்தாண்டு காலம் குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக இருந்தவர். நம் அரிசி, கேழ்வரகு, பருப்பு, கீரையின் சத்தையெல்லாம் அளந்து பட்டியல் போட்டவர். 1957 ஜூலையில் குல்சாரிலால் நந்தா தலைமையில் டெல்லியில் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு அவர் கணக்கை எடுத்துக்கொண்டது: ஆளுக்கு நாளுக்கு 2,700 கலோரி. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கஜம் துணி. குடும்பம் என்றால் நுகர்வு அலகு மூன்று. ஆண் 1, பெண் 0.8, இரண்டு பிள்ளைகள் தலைக்கு 0.6. ஐந்தில் நான்கு பங்கு மறுபடியும் வந்துவிட்டது. தோட்டத்தில் அவள் கூலியாக இருந்தது இங்கே அவள் தட்டாகிவிட்டது. செங்கல் சுமக்கிற, நாற்று நடுகிற பெண்ணுக்கு ஆணைவிடப் பசி குறைவு என்று நம் வயக்காட்டில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள்.

வேலை கொடுப்பவரால் முடியாவிட்டால் என்ன செய்வது என்ற வந்தியின் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1961இல் பதில் சொன்னது. கேரளத்து ஓட்டுத் தொழிற்சாலை முதலாளிகள், எங்களால் கட்டுப்படியாகாது என்று வழக்குப் போட்டார்கள். குறைந்தபட்சக் கூலியில் முதலாளியின் சக்தி பற்றிய பேச்சுக்கே இடமில்லை என்று தீர்ப்பு வந்தது. இன்னொரு திருப்பம் சென்னையிலிருந்து. ரெப்டகாஸ் பிரெட் நிறுவனத்தின் பஞ்சப்படித் தகராறு உச்ச நீதிமன்றம் வரை போய், 1991இல் கூலிக் கணக்கில் இன்னும் 25 சதவீதத்தைச் சேர்க்க வைத்தது: பிள்ளைகள் படிப்பு, மருத்துவம், திருவிழா, முதுமை, கல்யாணம். அதுவரை சட்டத்தின் தொழிலாளி சாப்பிட்டான், உடுத்தினான், தூங்கினான், அவ்வளவுதான்.

உயர்த்தினால் வேலை போய்விடும் என்ற வாதத்தையும் தள்ளிவிட முடியாது. 1992இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி 4.25 டாலரை 5.05 ஆக்கியபோது, டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் அங்கும் பக்கத்துப் பென்சில்வேனியாவிலும் துரித உணவுக் கடைகளில் ஆள் கணக்கெடுத்தார்கள். வேலை குறையவில்லை என்றார்கள். வேறு பொருளாதார அறிஞர்கள் சம்பளப் பதிவேட்டைப் பார்த்துக் குறைந்தது என்று மறுத்தார்கள். கார்டுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. சண்டை இன்னும் தீரவில்லை. இங்கே, தையல் தொழிலுக்கு 2014இல் தமிழக அரசு கூலியை உயர்த்தியபோது ஏற்றுமதி நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. 2016இல் உயர்நீதிமன்றம் உயர்வு சரியே என்றது. இடைப்பட்ட காலம் முழுக்கத் தையல் இயந்திரத்தின் முன் இருந்த பெண்கள் காத்திருந்தார்கள்.

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் வாதம் வேறு மாதிரி. நூறு நாள் வேலை வந்தபின் களையெடுக்க ஆள் கிடைக்கவில்லை என்பார்கள் விவசாயிகள். நெல் விலைக்கும் கூலிக்கும் நடுவே நசுங்குகிறவர்கள் அவர்கள். அந்த வேதனை உண்மை. ஆனால் அதற்கு மருந்து நெல்லுக்கு நல்ல விலை. நடவுக்குப் போகிற பெண்ணின் கூலியில் வெட்டுவது மருந்தாகாது. அந்த நூறு நாள் வேலைக்கே 2025-26இல் தமிழகத்தில் நாளுக்கு 336 ரூபாய்தான். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அதைக் கட்டுப்படுத்தாது என்று திட்டச் சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். போதாததற்கு வெட்டிய மண்ணை அளந்து கொடுப்பதால் பலருக்கு முழுத் தொகையும் கைக்கு வந்ததில்லை. தோட்டத்து அரைப்பேரின் உறவுதான் இதுவும்.

2025 நவம்பர் 21 முதல் 1948ஆம் ஆண்டுச் சட்டம் இல்லை. 2019இல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பு அதன் இடத்துக்கு வந்துவிட்டது. தொழில் பட்டியல் போய்விட்டது. எல்லாத் தொழிலாளருக்கும் குறைந்தபட்சக் கூலி உண்டு என்கிறது புதிய சட்டம். நல்ல மாற்றம்தான். ஆனால் அதற்கு மத்திய அரசு 2020இல் வெளியிட்ட வரைவு விதிகளைப் படித்தேன். குடும்பத்துக்கு நுகர்வு அலகு மூன்று. அதை 3.6 ஆக்கச் சொன்னது அரசே நியமித்த அனூப் சத்பதி குழு. வரைவில் அது ஏறவில்லை. 2,700 கலோரி அப்படியே இருந்தது. துணி மட்டும் ஆண்டுக்கு 66 மீட்டர் என்றிருந்தது. கணக்குப் போட்டால் அது பழைய 72 கஜமேதான். வயதான தாய் தந்தைக்கு அதில் இடமிருக்கவில்லை. செல்போன் ரீசார்ஜ், கேஸ் சிலிண்டர், டவுனுக்கு வேலைக்குப் போகும் பேருந்துச் செலவு எல்லாம் ‘எரிபொருள், மின்சாரம், இதர செலவு’ என்ற 20 சதவீதத்துக்குள் அடங்கியாக வேண்டியிருந்தது. ஹிக்கின்ஸ் 1907இல் செய்ததை நம் கூலி நிர்ணயக் குழுக்களும் செய்யட்டும். கோச்சடை மேலக்கால் சாலையில் கட்டட வேலைக்குக் காலையில் வந்து நிற்கும் சித்தாள்களை அழைத்து, மாதத்துக்கு அரிசி எத்தனை கிலோ, வாடகை எவ்வளவு, பிள்ளையின் பள்ளிச் செலவு எவ்வளவு, வட்டிக்கு வாங்கியது எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும். அந்தக் கணக்கைக் கூட்டி வரும் தொகையை வைத்துக்கொண்டு அப்புறம் பேசலாம், உயர்த்த வேண்டுமா வேண்டாமா என்று.