மருந்துப் பெயர் இணைப்பு: இலங்கையும் வன்னிப் பெருநிலப்பரப்பும்

மருந்துப் பெயர் இணைப்பு என்பது, ஒரு நாட்டின் வைத்தியசாலைகளிலும் மருந்துக் களஞ்சியங்களிலும் புழங்கும் மருந்துப் பெயர்களையும் எண்களையும் சர்வதேச மருந்துச் சொற்றொகுதி ஒன்றின் உரிய பதிவுகளோடு பொருத்தும் பணியாகும். மருந்தின் மூலப்பொருள், செறிவு, வடிவம், செலுத்தும் வழி ஆகிய நான்கும் ஒத்திருந்தால்தான் இணைப்பு நிறைவானது. வன்னியின் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் நோயாளர்கள் ஒரு வைத்தியசாலையிலிருந்து இன்னொன்றுக்கு அடிக்கடி அனுப்பப்படுவதால், இந்தப் பணி அவர்களின் பாதுகாப்போடு நேரடியாகத் தொடர்புடையது.

இலங்கையின் பெயரிடல் மரபு

இலங்கையில் மருந்துகளைப் பொதுப்பெயரால் குறிக்கும் கொள்கைக்கு அடித்தளமிட்டவர் பேராசிரியர் சேனக பிபிலே (1920–1977). 1971இல் தொடங்கப்பட்ட அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரும் அவரே. அவருடைய சீர்திருத்தத்தால் இறக்குமதி மருந்துகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 2,100இலிருந்து 600ஆகக் குறைந்தது. 1980ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை மருந்துகளைப் பதிவுசெய்கிறது. அரச வைத்தியசாலைகளுக்கு மருந்து அனுப்பும் மருத்துவ வழங்கல் பிரிவு ஒவ்வொரு பொருளுக்கும் எஸ்.ஆர். எண் எனப்படும் களஞ்சிய எண்ணை வழங்குகிறது. மாவட்ட மட்டத்தில் மருந்து விநியோகத்தைப் பிராந்திய மருத்துவ வழங்கல் பிரிவுகள் செய்கின்றன.

மக்களின் பேச்சில் வணிகப் பெயர்களே நிலைத்துவிட்டன. பரசிற்றமோல் குளிசை எந்த நிறுவனத்தினுடையதாயினும் 'பனடோல்' என்றே கேட்கப்படுகிறது. ஆகவே ஒரே மருந்துக்குப் பொதுப்பெயர், வணிகப் பெயர், பதிவு எண், களஞ்சிய எண் என நான்கு அடையாளங்கள் உள்ளன.

சர்வதேசச் சொற்றொகுதிகள்

உலக சுகாதார நிறுவனம் 1950இல் தீர்மானித்து 1953இல் நடைமுறைப்படுத்திய சர்வதேசப் பொதுப்பெயர்த் திட்டமே இத்துறையின் அடித்தளம். ஒஸ்லோவிலுள்ள அந்நிறுவனத்தின் ஒத்துழைப்பு நிலையம் பேணும் ஏடிசி வகைப்பாடு, மருந்துகளை 14 முதன்மைக் குழுக்களாகவும் ஐந்து படிநிலைகளாகவும் பிரிக்கிறது. மருந்து நுகர்வை ஒப்பிட இது பயன்படும். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் ஆர்எக்ஸ்நோர்ம், மூலப்பொருள், செறிவு, வடிவம் ஆகியவற்றைச் சேர்த்து ஒவ்வொரு மருந்துக்கும் தனி எண் தருகிறது. அங்கு மெற்போமினின் மூலப்பொருள் எண் 6809. அமெரிக்கச் சந்தையில் இல்லாத மருந்துகளுக்காக அதன் விரிவாக்கம் ஒன்றும் ஆய்வாளர்களால் உருவாக்கப்பட்டுள்ளது.

பொருத்தும் முறை

முதலில் களஞ்சியப் பட்டியலின் ஒவ்வொரு வரியும் மூலப்பொருள், செறிவு, வடிவம், செலுத்தும் வழி எனப் பிரிக்கப்படுகிறது. பின்னர் கணினி நெருங்கிய பதிவுகளைத் தேடித் தருகிறது. இறுதியாக மருந்தாளர் ஒருவர் ஒவ்வோர் இணைப்பையும் பார்த்து உறுதிசெய்கிறார். முழுமையான பதிவு கிடைக்காதபோது மூலப்பொருள் மட்டத்தில் மட்டும் இணைத்து, அது பகுதி இணைப்பு என்று குறித்துவைக்க வேண்டும்.

கவனம் தேவைப்படும் இடங்கள்

இலங்கை பிரித்தானிய மரபைப் பின்பற்றுவதால் அமெரிக்கப் பெயர்களோடு சில மோதல்கள் எழுகின்றன. பரசிற்றமோல் அங்கே அசற்றமினோபென், சல்பியூற்றமோல் அல்பியூற்றரோல், கிளிபென்கிளமைட் கிளைபுரைட். எழுத்தொற்றுமையை மட்டும் நம்பும் கணினிக்கு இவை வெவ்வேறு மருந்துகள்.

கூட்டு மருந்துகளில் சிக்கல் இன்னும் நுட்பமானது. மருந்துத் துண்டில் 'கோ-அமொக்சிகிளவ் 625 மில்லிகிராம்' என்று எழுதப்படும் குளிசையில் அமொக்சிசிலின் 500 மில்லிகிராமும் கிளவுலானிக் அமிலம் 125 மில்லிகிராமும் உள்ளன. ஆர்எக்ஸ்நோர்ம் இவற்றைத் தனித்தனியே எழுதுவதால் 625 என்று தேடினால் அது அகப்படாது.

சிறுவர்களுக்கான பாணி மருந்தில் பிழை நேர்ந்தால் ஆபத்து பெரிது. இலங்கையில் வழங்கும் பரசிற்றமோல் பாணியில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம் உள்ளது. அமெரிக்காவில் வழக்கமானது 160 மில்லிகிராம். பெயர் ஒன்றென்று இரண்டையும் இணைத்தால், குழந்தை உட்கொண்ட மருந்து உண்மையைவிட மூன்றிலொரு பங்கு கூடுதலாகப் பதிவாகும்.

அஸ்பிரினுக்கு ஏடிசியில் ஒன்றுக்கு மேற்பட்ட குறியீடுகள் உள்ளன. இதய நோயாளருக்கான குறைந்த அளவு குருதி உறைவுத் தடுப்புக் குழுவிலும், வலிநிவாரணத்துக்கான அளவு வேறு குழுவிலும் அடங்கும். செறிவைப் பார்க்காமல் இதில் இணைப்புச் செய்ய முடியாது.

வன்னிக்கான பயன்

வயல் வேலை செய்வோர் நிறைந்த வன்னியில் பாம்புக்கடி நீங்காத ஆபத்து. இங்கு பயன்படும் இந்தியப் பன்முக நச்சுமுறி மருந்து நாகம், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கு எதிரானது. அமெரிக்கப் பாம்புகளுக்கான நச்சுமுறியோடு இதை இணைப்பது முழுத் தவறு. ஏடிசியில் பாம்பு நச்சுமுறி என்ற பொதுவான பதிவோடு இணைக்கலாம். எந்தப் பாம்புகளுக்கு உரியது என்ற விவரம் தேசியப் பட்டியலிலேயே நிற்க வேண்டும்.

வவுனியா மாவட்டத்தில் காரணம் தெளிவற்ற நாட்பட்ட சிறுநீரக நோய் பரவியுள்ளது. அந்நோயாளர்களுக்கு டைக்ளோபெனக் போன்ற வலிநிவாரணிகள் தீங்கு செய்யக்கூடும். வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலையிலும் அநுராதபுரம் போதனா வைத்தியசாலையிலும் மருந்து பெறும் ஒருவரின் பதிவுகள் ஒரே சொற்றொகுதியில் இருந்தால், அத்தகைய மருந்து எழுதப்படும்போதே எச்சரிக்கை தர முடியும்.

2009 மே மாதம் போர் முடிந்த காலத்தில் வன்னி மக்கள் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் தங்கவைக்கப்பட்டனர். இத்தகைய இடப்பெயர்வில் கிளினிக் கொப்பி தொலைந்தால், நீரிழிவு நோயாளி எந்தக் குளிசையை எவ்வளவு எடுத்தார் என்பதும் தொலைந்துபோகும்; பொதுச் சொற்றொகுதியில் பதிவு இருந்தால் அதை வேறிடத்திலும் அறியலாம். 2022இன் மருந்துத் தட்டுப்பாட்டின்போது வெளிநாட்டு நன்கொடை மருந்துகளும் நாட்டுக்கு வந்தன. நன்கொடை மருந்துகள் சர்வதேசப் பொதுப்பெயரோடு வர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டுகிறது. அந்தப் பெயரைத் தேசியப் பட்டியலோடு முன்கூட்டியே இணைத்து வைத்திருந்தால், வந்த பெட்டி எந்த எஸ்.ஆர். எண்ணுக்கு உரியது என்று களஞ்சியத்தில் உடனே தெரியும்.

மதிப்பீடு

இணைப்பின் தரத்தை எத்தனை வரிகள் பொருந்தின என்ற எண்ணிக்கையால் மட்டும் அளக்க முடியாது. ஐயமான ஒன்றை வெறுமையாக விட்டால் மருந்தாளர் அதைக் கவனித்து நிரப்புவார். பிழையாக நிரப்பினால் அது சரியென்று நம்பப்பட்டு நோயாளியின் உடலுக்குள் போகும். ஆகவே மருந்தை நாள்தோறும் கையாளும் மாவட்ட மருந்தாளர்களின் சரிபார்ப்பு இல்லாத எந்தப் பட்டியலும் சிகிச்சைக்குப் பயன்படுத்தத் தகுந்ததல்ல.