'அசெம்பிள்டு' என்றொரு வசவு

எங்கள் அலுவலகத்தில் 'அசெம்பிள்டு' என்பது ஒரு வசவுச் சொல். 1990களின் பின்பகுதியில் நான் கொள்முதல் பிரிவில் எழுத்தராக இருந்தேன். கணினி வாங்க விலைப்புள்ளி கேட்டால் இரண்டு வகைக் கடிதங்கள் வரும். ஒன்று, கம்பெனி முத்திரையோடு வழவழப்பான காகிதத்தில். மற்றொன்று, உள்ளூர்க் கடைக்காரர் தட்டச்சு செய்து அனுப்பியது. அதில் விலை ஆயிரக்கணக்கில் குறைவாக இருக்கும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், உள்ளே இருக்கும் பாகங்களின் பட்டியலில் பெரிய வேறுபாடு தெரியாது. ஆனாலும் இரண்டாவது கடிதத்தின் ஓரத்தில் அதிகாரி சிவப்பு மையில் 'அசெம்பிள்டு' என்று ஒரே ஒரு சொல் எழுதுவார். அதோடு அதன் கதை முடிந்தது. தணிக்கையில் கேள்வி வந்தால் யார் பதில் சொல்வது? நானும் மறுபேச்சுப் பேசியதில்லை.

அப்படி வாங்கி வந்த கணினிக்குக் கிடைத்த மரியாதையை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எங்களுக்கு மின்விசிறியே சரியாகச் சுற்றாது. அதற்கோ குளிர்சாதன அறை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆயுத பூஜை அன்று திரைக்குச் சந்தனம், குங்குமம். மூடியைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் துணிச்சல் யாருக்கும் இருந்ததில்லை.

அந்த மூடியை என் 61ஆம் வயதில்தான் திறந்தேன். திறந்தேன் என்றுகூடச் சொல்லக் கூடாது. காலிப் பெட்டி ஒன்றை வாங்கி, சைக்கிள் கடைக்காரர் பிரித்துப் பூட்டுவதுபோல, உள்ளே எல்லாவற்றையும் நானே பூட்டினேன். அந்தக் கதைக்கு முன்னால், ஒரு தனி மனிதன் வீட்டு மேசையில் கணினி பூட்ட முடியும் என்ற நிலை எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

பிரெஞ்சு மொழியில் படித்தவன் என்பதால் என் பக்கத்துக் கதையை முதலில் சொல்ல அனுமதியுங்கள். பிரெஞ்சில் கணினிக்கு 'ஓர்தினத்தெர்' என்று பெயர். 1955இல் ஐ.பி.எம்.மின் பிரான்ஸ் நிறுவனம் தன் புதிய இயந்திரத்துக்குப் பெயர் கேட்டபோது, ழாக் பெரே என்ற பேராசிரியர் எடுத்துக்கொடுத்த சொல் அது. உலகை ஒழுங்குபடுத்தும் கடவுளைக் குறிக்கச் சமய நூல்களில் வழங்கிய பழஞ்சொல்! 1973இல் அதே பிரான்சில் 'மிக்ரால்' என்ற சிறு கணினி வந்தது. வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றுக்காக பிரான்சுவா ழெர்னெல் என்ற பொறியாளர் இன்டெல் 8008 சில்லை வைத்து வடிவமைத்தார். அந்தக் கம்பெனியை நடத்திய அந்த்ரே துருவோங் வியட்நாமில் பிறந்தவர். (சைகோனில் ஒரு பெரியப்பாவோ மாமாவோ இல்லாத குடும்பம் அந்தக் காலப் புதுச்சேரியில் குறைவு. அதனால் இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு ஏதோ சொந்தக்காரர் பெருமை.) நுண்செயலி கொண்ட முதல் கணினி என்று பலர் மிக்ராலையே சொல்கிறார்கள். ஆனால் அது முழுதாகச் செய்து விற்கப்பட்டது. வாங்குபவர் பூட்டும் கணினி அல்ல.

பூட்டும் கணினி அமெரிக்காவில் வந்தது. 1975 ஜனவரி மாத 'பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்' இதழின் அட்டையில் 'ஆல்டேர் 8800' என்ற பெட்டியின் படம் வெளியானது. விலை 397 டாலர். பணம் கட்டினால் பாகங்கள் மட்டும் தபாலில் வரும். பற்றவைப்பது வாங்கியவர் பாடு. விசைப்பலகை கிடையாது, திரை கிடையாது. சுவிட்சுகளை மேலும் கீழும் தள்ளி எண்களை உள்ளே செலுத்த வேண்டும். பதில் சிவப்பு விளக்குகளில் தெரியும். நினைவகம் 256 பைட்டு. இந்த ஒரு பத்தியைக்கூட அதில் வைக்க முடியாது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. படம் எடுக்க அனுப்பிய உண்மையான இயந்திரம் வழியில் தொலைந்துபோய்விட்டதாம். அட்டையில் இருந்தது வெறும் கூடு! அந்தக் கூட்டைப் பார்த்தே ஆயிரக்கணக்கானோர் பணம் அனுப்பினார்கள்.

1975இல் நான் கீழ்நிலை எழுத்தர். சம்பள விகிதம் 260-400. டாலர் சுமார் 8 ரூபாய். கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தப் பாகப் பொட்டலம் என் அடிப்படைச் சம்பளத்தில் ஏறக்குறைய ஓராண்டு.

ஆனால் நம் தெருக்கடை வரைக்கும் கணினியைக் கொண்டுவந்தது ஆல்டேர் அல்ல, ஐ.பி.எம். 1981 ஆகஸ்டில் அவர்கள் வெளியிட்ட கணினியை அவசரமாகச் செய்தார்கள். அதனால் எல்லாவற்றையும் தாங்களே உருவாக்காமல், சில்லை இன்டெலிடமும் இயக்கு மென்பொருளை மைக்ரோசாஃப்டிடமும் வாங்கினார்கள். மின்சுற்று வரைபடங்களைக்கூட நூலாக அச்சிட்டு விற்றார்கள். தங்களுக்கென்று உரிமை வைத்துக்கொண்டது முக்கியமாக 'பயாஸ்' என்ற சிறு தொடக்க மென்பொருளை மட்டும். காம்பேக் என்ற கம்பெனி அதே வேலையைச் செய்யும் வேறொரு மென்பொருளை, ஒரு வரிகூடக் காப்பியடிக்காமல் எழுதியது. சிறிது காலத்தில் அதுபோன்ற பயாஸ் கடையிலேயே விலைக்குக் கிடைத்தது. பூட்டு திறந்துகொண்டது. தைவானில் செய்த பலகையும், வேறெங்கோ செய்த நினைவகமும், இன்னோர் ஊரின் பெட்டியும் ஒன்றோடொன்று பொருந்தின. திருகாணி துளை எங்கே இருக்க வேண்டும் என்பதுவரை பிறகு அளவு வகுத்தார்கள்.

இந்தியாவில் ஐ.பி.எம். 1978இலேயே மூட்டை கட்டிப் போய்விட்டது. எச்.சி.எல். போன்ற நம்மவர்கள் தலையெடுத்தார்கள். 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு புதிய கணினிக் கொள்கையை அறிவித்து இறக்குமதிக் கதவைச் சற்றுத் திறந்தது. அதன் பிறகு பாகங்கள் பெட்டி பெட்டியாக வரத் தொடங்கின. 1997இல் இந்தியா கையெழுத்திட்ட தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தின்படி, 2005க்குள் கணினிக்கும் அதன் பாகங்களுக்கும் சுங்க வரி இல்லாமல் போனது.

எங்கள் புதுச்சேரியில் நடந்தது இதைவிடச் சுவை. எச்.சி.எல்., விப்ரோ, ஏசர் என்று பெரிய பெயர்கள் எல்லாம் அங்கே வந்து கணினித் தொழிற்சாலை போட்டன. கடற்காற்று வாங்க வரவில்லை. வரிச் சலுகைக்காக வந்தன. சில்லும் பலகையும் வெளிநாட்டிலிருந்து வரும். நம் ஊர்ப் பிள்ளைகள் பூட்டுவார்கள். முத்திரை ஒட்டி வண்டியில் ஏறும். அப்படி வந்த ஒன்றைத்தான் நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டோம். சிவப்பு மையால் தள்ளப்பட்ட கடைக்காரரும் அதே வேலையைத்தான் செய்தார், முத்திரை இல்லாமல். இது எனக்குப் புரிய இத்தனை வருடம் ஆயிற்று.

2010இல் ஓய்வு பெற்று, ஒரகடத்தில் வேலை பார்க்கும் மகனோடு வல்லம் பக்கம் குடி வந்தேன். சுற்றிலும் சிப்காட். ஸ்ரீபெரும்புதூரில் 2000இலேயே கண்ணாடி வார்க்கத் தொடங்கிய சேன்-கோபேன் நிறுவனம், பதினான்காம் லூயி காலத்தில், 1665இல் தோன்றியது. வாயில் பலகையில் அந்தப் பெயரைப் பார்த்தபோது பள்ளி வரலாற்றுப் புத்தகம் எதிரே வந்து நின்றதுபோல் இருந்தது. 2006 முதல் நோக்கியா, 2007 முதல் டெல். இந்த டெல்லும் 1984இல், டெக்சாசில் ஒரு கல்லூரி மாணவர் தன் விடுதி அறையில் கணினி பூட்டி விற்றதில் தொடங்கிய கம்பெனிதான். எங்கள் அதிகாரி கண்ணில் பட்டிருந்தால் அந்தப் பையனின் விலைப்புள்ளி ஓரத்திலும் அந்தச் சொல் விழுந்திருக்கும்.

இத்தனை தொழிற்சாலை இருந்தும், கணினிக்கு ஒரு நினைவகத் துண்டு வேண்டுமென்றால் இங்கே கிடைக்காது. ரிச்சி தெருவுக்குத்தான் போக வேண்டும். 2011 நவம்பரில் ஒரு நாள் புறப்பட்டேன். ராஜீவ் நினைவிடத்தைத் தாண்டிப் பேருந்து போகும்போது, கணினிக் கொள்கை கொண்டுவந்தவர் இந்த ஊர் மண்ணில் விழுந்தாரே என்று நினைத்துக்கொண்டேன். காசினோ தியேட்டர் பக்கம் திரும்பினால் தெரு முழுக்க ஒயரும் பலகையும். ஒருகாலத்தில் வானொலி உதிரிபாகத்துக்குப் பெயர்பெற்ற தெரு. கையில் துண்டுச்சீட்டு: இன்டெல் ஐ3, அதற்கேற்ற பலகை, 4 ஜி.பி. நினைவகம், மின்வழங்கியோடு பெட்டி, 500 ஜி.பி. வன்தட்டு. கடைசிப் பாகத்தின் விலையைக் கேட்டதும் தலை சுற்றியது. தாய்லாந்து வெள்ளத்தில் வன்தட்டுத் தொழிற்சாலைகள் மூழ்கி, விலை ஒரே மாதத்தில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. அயுத்தியாவில் ஆறு பெருகினால் வல்லத்தில் ஒரு கிழவன் கணினி பூட்ட முடியாது! மகனுடைய பழைய 80 ஜி.பி. தட்டு போதும் என்று வன்தட்டை விட்டுவிட்டேன்.

பெட்டியை வாங்கியபோது கடைக்காரர், "பில் வேணுமா, விலை குறையணுமா சார்?" என்றார். ரசீது இல்லாமல் ஒரு துடைப்பம்கூட வாங்கவிடாதவன் நான். அன்று, விலை குறையட்டும் என்றேன். ஏழாம் மாதம் மின்வழங்கி புகைந்தது. "பில் இல்லாம எப்படி மாத்தறது?" என்றார் அதே கடைக்காரர். நியாயம்தான். சிவப்பு மையின் நியாயமும் இதில் பாதி இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

பூட்டிய கதைக்கு வருகிறேன். எங்கள் மாடியில் நாலைந்து பெண்கள் வாடகைக்கு இருந்தார்கள். எல்லோரும் இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் வேலை. அதில் செய்யாறு பக்கத்துப் பெண் ஒருத்திக்கு அன்று விடுமுறை. நான் பலகையைக் கையில் எடுப்பதைப் பார்த்து ஓடி வந்தாள்.

"ஐயோ தாத்தா, செருப்பைக் கழட்டுங்க. மொதல்ல அந்த இரும்புப் பெட்டியத் தொடுங்க, அப்புறமா இதத் தொடுங்க. எங்க கம்பெனியில மணிக்கட்டுல பட்டை கட்டி ஒயர் மாட்டாம உள்ளயே விடமாட்டாங்க."

உடம்பில் சேரும் நிலைமின்சாரம் சில்லைச் சுட்டுவிடும் என்பது எனக்குத் தெரியாது. கணினிக்காக நான் செருப்பைக் கழற்றியது அது இரண்டாவது முறை. இந்த முறை காரணம் தெரிந்து கழற்றினேன்.

சில்லை வைத்து நெம்புகோலை அழுத்தும்போது ஒரு முறுமுறுப்புச் சத்தம் வந்தது. போச்சு என்று நினைத்தேன். அது அப்படித்தான் என்று பின்னால் தெரிந்தது. விசிறியின் நான்கு கால்களையும் அழுத்தினால் பலகை வளைகிறது. இரண்டு மணி நேரம் கழித்துச் சுவிட்சைப் போட்டோம். விசிறி சுற்றியது. திரை இருட்டு. நினைவகத்தைக் கழற்றி மாட்டினோம், அப்போதும் இருட்டு. பணம் போயிற்று என்று உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பெண் பேசாமல் பலகையை இடமிருந்து வலமாக, வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். தொழிற்சாலையில் அவள் வேலையே அதுதான். கைபேசிப் பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். எங்காவது பாகம் விட்டுப்போயிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துத் தள்ள வேண்டும். "தாத்தா, இந்த மூலையில நாலு ஓட்டை காலியா இருக்கே?" என்றாள். சில்லுக்குத் தனியாக மின்சாரம் தரும் நாலு முனை இணைப்பு. பெட்டியின் பின்னால் அந்த ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. மாட்டினேன். திரையில் வெள்ளை எழுத்து வந்தது.

அவள் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு நாளைக்கு எத்தனை பலகை பாப்பேன் தெரியுமா தாத்தா? ஒண்ணுகூட எரிஞ்சு பாத்ததில்ல. என்னைத் தாண்டிப் போயிடும்." 39 வருடம் கோப்புகளில் குறிப்பு எழுதி அடுத்த மேசைக்குத் தள்ளியவன் நான். அவற்றில் எத்தனை யாருக்கு என்ன பலன் தந்தன என்று எனக்கும் தெரியாது.

விண்டோஸ் விலையைக் கேட்டுவிட்டு உபுண்டு போட்டுக்கொண்டேன். தமிழும் பிரெஞ்சும் அதில் அடித்தேன்.

2014 நவம்பர் 1 அன்று நோக்கியா ஆலையில் உற்பத்தி நின்றது. புதுச்சேரிக்காரர்களுக்கு அது விடுதலை நாள். இங்கே அன்று சாலையே மௌனமாக இருந்தது. அதை நம்பியிருந்த இடங்களும் ஒவ்வொன்றாக ஆள் குறைத்தன. அந்த வருடக் கடைசியில் அந்தப் பெண் ஒரு தாளோடு கீழே வந்தாள், பயோடேட்டா அடித்துக்கொள்ள. அனுபவம் என்ற இடத்தில், பலகை சோதனை, 4 ஆண்டு என்று இருந்தது.

"கணினி பூட்டத் தெரியும்னு ஒரு வரி சேத்துக்கம்மா" என்றேன்.

"ஒண்ணுதானே தாத்தா பூட்டினோம்?"

"நானும் ஒண்ணுதாம்மா."

சிரித்துவிட்டு ஆங்கிலத்தில் அடிக்கத் தொடங்கினாள். நடுவில் நிறுத்தி, 'அசெம்பிள்டு' என்பதில் 'எஸ்' ஒன்றா இரண்டா என்று கேட்டாள். இரண்டு என்றேன்.